அண்ணாமலையின் ‘ணா’வும் ‘லை’யும்

பௌர்ணமி நாளில் திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் இறங்கியவர்கள் முதலில் பார்ப்பது மலையைத்தான். மலை எங்கும் போய்விடாது. சற்று நேரம் அதை விட்டுவிட்டு ஊர்ப் பெயரைப் பாருங்கள். பஸ்ஸின் நெற்றியில் ஒரு விதமாக எழுதியிருக்கும். ரயில் நிலையப் பலகையில் இன்னொரு விதம். இட்லிக் கடையில் சாயம் வெளுத்த தூரிகை எழுத்து. ஜவுளிக் கடையில் பித்தளை எழுத்து. கிரிவலப் பாதையில் ஆளுயரத்துக்கு பிளெக்ஸ் எழுத்து. கோயிலுக்குள் நுழைந்துவிட்டால் கருங்கல் எழுத்து. பெயர் ஒன்றுதான், தி, ரு, வ, ண், ணா, ம, லை என்று ஏழே எழுத்து. ஆனால் முகங்கள் எத்தனை!

இந்த ஏழு எழுத்துக்களில் இரண்டு, நம்மில் பலர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருவம் மாறிவிட்டன. ‘ணா’ ஒன்று, ‘லை’ ஒன்று. தமிழ்நாட்டில் வேறு எந்தப் பெரிய க்ஷேத்திரத்தின் பெயருக்கும் ஒரே வீச்சில் இரண்டு எழுத்து மாறியதாகச் சொல்வதற்கில்லை. காஞ்சிபுரத்துக்கு மாறவில்லை, மதுரைக்கும் மாறவில்லை, சிதம்பரம் சொல்லவே வேண்டாம். அந்தக் கதைக்கு வருமுன், எழுத்தின் அழகு என்பது என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

எழுத்துக்குப் பாதம் உண்டா?

அச்சுத் தொழிலில் எழுத்தை இரண்டு ஜாதியாகப் பிரிப்பது வழக்கம். பக்கம் பக்கமாகப் படிப்பதற்கான சிறிய எழுத்து ஒன்று. தலைப்பு, விளம்பரம், அழைப்பிதழ், பெயர்ப்பலகை ஆகியவற்றுக்கான பெரிய எழுத்து மற்றொன்று. முதலாவது வீட்டில் உடுத்தும் வேட்டி. இரண்டாவது கல்யாணத்துக்கு உடுத்தும் பட்டு. முதலாவது கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்ய வேண்டும். இரண்டாவது கண்ணை இழுக்க வேண்டும்.

ஆங்கில எழுத்திலே இந்தப் பட்டுக்கு ஒரு சரிகைக் கரை உண்டு. பெரிய நகைக் கடையின் ஆங்கிலப் பெயர்ப்பலகையில் ‘டி’ என்ற எழுத்தைக் கவனித்துப் பாருங்கள். அதன் கால் தரையில் ஊன்றும் இடத்தில் இரு புறமும் சிறிய கோடு நீண்டிருக்கும். மேலே உள்ள குறுக்குக் கட்டையின் இரண்டு நுனியிலும் சிறிய கொம்பு தொங்கும். இந்தப் பாதத்துக்கும் கொம்புக்கும் ‘ஸெரிப்’ என்று பெயர். பாதம் வைத்த எழுத்து ஸெரிப் எழுத்து. பாதம் இல்லாமல் குச்சி போல நிற்பது ‘ஸான்ஸ்’. பஸ் பலகைக்குக் குச்சி எழுத்து போதும். பட்டுப் புடவைக்கும் வைரத் தோட்டுக்கும் பாதம் வைத்த எழுத்துத்தான் வேண்டும் என்று வியாபாரிகள் எண்ணுகிறார்கள். காரணம் கேட்டால் “அது கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது” என்பார்கள். இந்தக் கௌரவம் எங்கிருந்து வந்தது?

ரோமாபுரித் தூண்

ரோம் நகரில் டிரேஜன் சக்கரவர்த்தியின் வெற்றித் தூண் நிற்கிறது. கி.பி. 113-இல் எழுப்பப்பட்டது. அதன் பீடத்தில் ஆறு வரிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. உலகத்து அச்சு எழுத்துக் கலைஞர்கள் அதைப் பார்க்கவென்றே அங்கே யாத்திரை போவது உண்டு. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நிற்கும் அந்த எழுத்துக்களைக் காட்டிலும் அளவான பெரிய எழுத்து இன்னும் பிறக்கவில்லை என்பது அவர்களில் பலருடைய அபிப்பிராயம்.

பாதம் எப்படி முளைத்தது? கல்லில் கோடு வெட்டி முடிக்கும்போது நுனி பிசிறாமல் இருக்கக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டினார்கள், அதுவே பாதம் ஆயிற்று என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். எட்வர்டு கேடிச் என்ற அமெரிக்கப் பாதிரியார் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பாதிரியார் ஆவதற்கு முன் பெயர்ப்பலகை எழுதிய தொழிலாளி. “உளிக்கு முன்னே தூரிகை போயிருக்கிறது. பட்டைத் தூரிகையால் கோட்டை முடிக்கும்போது கை இயல்பாகத் திரும்பும். அந்தத் திருப்பம்தான் பாதம்” என்ற கருத்தை 1968-இல் ஒரு புத்தகமாகவே எழுதிவிட்டார். பண்டிதர்கள் பல காலம் யோசித்ததை போர்டு எழுதிய கை கண்டுபிடித்தது! இன்று பெரும்பாலோர் அவர் கட்சி.

பிற்காலத்தில் இந்த அழகை அச்சில் உச்சிக்குக் கொண்டுபோனவர்கள் இரண்டு பேர். இத்தாலியில் பார்மா நகரத்துப் போடோனி (1740-1813) ஒருவர். பாரிஸ் நகரத்து டிடோ குடும்பத்தார் மற்றொருவர். இவர்கள் எழுத்தில் தடித்த கோடு தூண் போல இருக்கும். மெல்லிய கோடு தலைமயிர் போல இருக்கும். பெரிய அளவில் அதைப் பார்த்தால் கண் குளிரும். அதையே சிறிய அளவில் போட்டுப் பாருங்கள். மயிர்க் கோடு காகிதத்தில் மறைந்துபோய், எழுத்து பாதி பாதியாக உடைந்து தெரியும். பட்டை உடுத்திக்கொண்டு வயலில் இறங்கினால் என்ன ஆகும், அதுதான். ஆகவேதான் 1932-இல் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகை தனக்கென்று புது எழுத்து செய்துகொண்டபோது, பாதத்தை வைத்துக்கொண்டு மயிர்க் கோட்டைக் கொஞ்சம் தடிக்கவிட்டது. அதுவே நம் ஊர் வக்கீல் ஆபீஸ்வரை வந்துவிட்ட ‘டைம்ஸ் நியூ ரோமன்’.

டிரேஜன் தூணின் எழுத்தோ 1989-இல் மறுபிறவி எடுத்தது. கேரல் டுவாம்பிளி என்ற பெண்மணி அதைக் கம்ப்யூட்டர் எழுத்தாக வரைந்தார். 1997-இல் வந்த ‘டைட்டானிக்’ படத்தின் விளம்பரத்தைப் பார்த்தவர்கள் அந்த எழுத்தைப் பார்த்தவர்களே.

இங்கே கருங்கல்

ரோமுக்குப் போவானேன்? அண்ணாமலையார் கோயில் சுவர்களே ஒரு பெரிய எழுத்துச் சாலை அல்லவா! சோழர் காலத்திலிருந்து விஜயநகர, நாயக்கர் காலம்வரை நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுக்கள் அங்கே இருக்கின்றன. 1902-இல் அரசாங்கக் கல்வெட்டு இலாகா அவற்றில் ஏராளமானவற்றைப் படி எடுத்தது. ‘தென்னிந்தியக் கல்வெட்டுக்கள்’ வரிசையின் 8-ஆம் தொகுதியில் அவை அச்சாகியிருக்கின்றன. பின்னர் 1990-இல் பி. ஆர். சீனிவாசன் என்ற கல்வெட்டு அறிஞர், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனங்களின் வாயிலாக இக்கோயில் கல்வெட்டுக்களை மொழிபெயர்ப்போடு வெளியிட்டார்.

படி எடுப்பது ஒரு தனி வித்தை. கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை அதன்மேல் விரித்து, கெட்டியான பிரஷ்ஷால் தட்டுவார்கள். காகிதம் எழுத்துக் குழிக்குள் இறங்கிவிடும். பிறகு மை தோய்ந்த திண்டால் மேலே ஒற்றினால் குழி வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் தெரியும். இதை ‘மைப்படி’ என்பார்கள். சுவரில் கண்ணுக்குப் பிடிபடாத எழுத்து மைப்படியில் பளிச்சென்று பேசும்.

அந்தக் கல்லெழுத்தில் நம் ஊர்ப் பெயரைத் தேடினால் வேடிக்கையாக இருக்கும். கல்வெட்டுக்களில் புள்ளி வைப்பது மிக அரிது. ஆகையால் ‘அண்ணாமலை’ என்பது ‘அணணாமலை’ என்று நிற்கும். நெட்டெழுத்தின் காலும் ‘ர’ என்ற எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும். எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் என்ற பேதமும் கிடையாது. ‘எரி’ என்று வெட்டியிருந்தால் அது தீயா, நீர் நிறைந்த ஏரியா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். நிலத்துக்கு எல்லை சொல்லும் சாசனமாயின் அது ஏரிதான், சந்தேகம் வேண்டாம்! நெடில் ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் இன்றைய வடிவம் தந்தவர் வீரமாமுனிவர் (1680-1747) என்பது தமிழ்ப் புலவர்கள் வழக்கமாகச் சொல்லும் செய்தி.

உளி தொட்ட இடத்தில் சில கோடுகளின் தலை ஆப்பு வடிவாகச் சற்றே அகன்றிருப்பதைக் காணலாம். ரோமானியர் எழுத்துக்குக் காலில் பாதம் என்றால், தென்னாட்டு எழுத்துக்குத் தலையில் முடிச்சு. இந்த முடிச்சு தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘தலகட்டு’ என்ற பெயரோடு நிலைத்துவிட்டது. தமிழ் அதை உதறிவிட்டது. ஏன் உதறியது? ஓலைதான் காரணம் என்று சொல்லலாம். எழுத்தாணி நுனிக்குத் தடிப்பும் தெரியாது, மெலிவும் தெரியாது; ஒரே கனத்தில் கீறிக்கொண்டு போகும். அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும். வளைவும் சுழிவும்தான் அதற்கு வசதி.

இதே மாவட்டத்தில் இன்னொரு வகை எழுத்தும் கிடைக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் பல்லவர் காலத்து வட்டெழுத்தைக் காணலாம். ஆநிரை மீட்டு இறந்த வீரர்களின் உருவத்துக்கு மேலே, கரடுமுரடான பலகைக் கல்லில், கொத்தர் கை நடுங்கினாற்போல் ஓடும் எழுத்து அது. 1972-இல் டாக்டர் நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலை வெளியிட்டது. கோயில் சாசனத்தின் எழுத்தைப் போல அது அழகல்ல. ஆனால் செத்துப்போனவன் பெயர் அழியக்கூடாது என்று யாரோ பாடுபட்டு வெட்டியது. பெயர்ப்பலகைக்கு முதல் தகுதி அதுவே அல்லவா?

கல்லிலிருந்து ஈயத்துக்கு

தமிழ் எழுத்து ஈயத்தில் வார்க்கப்பட்டது மிகப் பழைய சங்கதி. 1577-இல் கோவாவில் முதல் முயற்சி நடந்தது. அடுத்த ஆண்டு கொல்லத்தில் மறுபடி எழுத்து வார்த்து, 1578 அக்டோபர் 20-ஆம் தேதி ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்கப் புத்தகத்தை அச்சிட்டார்கள். இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான நூல்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் அதுவே மூத்தது. ஓலை எழுத்தின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது.

அதற்கப்புறம் தரங்கம்பாடி. சீகன்பால்கு பாதிரியார் 1706-இல் வந்து இறங்கினார். அவருக்காக ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்து வார்த்து அனுப்பினார்கள். 1713-இல் கப்பலில் வந்து சேர்ந்தது. வார்த்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. எழுத்துக்கள் கொழுக்கட்டை போலப் பெரிதாக இருந்தன. வேதப் புத்தகத்தை அந்த எழுத்தில் அச்சிட்டால் காகிதம் தாளாது. என்ன செய்வது? லண்டன் சங்கத்தார் உணவுக்காக அனுப்பியிருந்த செஷைர் பாலாடைக்கட்டி ஈயத் தகட்டில் பொதிந்து வந்திருந்தது. அந்த ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்து வார்த்துக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. புதிய ஏற்பாடு 1715-இல் முடிந்தது. பாலாடைக்கட்டி யார் வயிற்றுக்குப் போயிற்றோ, அதன் உறை தமிழுக்கு வந்தது!

1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தைக் கொள்ளைப் பொருளாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அது வேப்பேரியில் பப்ரிஷியஸ் பாதிரியார் கையில் சேர்ந்தது. நூறு வருஷம் கழித்து, அதே சென்னையில் அமெரிக்கன் மிஷன் அச்சகத்தை நடத்திய பி. ஆர். ஹண்ட் என்பவர் தமிழ் எழுத்துக்கு உண்மையான நளினத்தைக் கொடுத்தார். 1862-இல் அவர் அச்சிட்ட வின்ஸ்லோ அகராதியில் 67,000-க்கு மேற்பட்ட சொற்கள். அதன் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால், இத்தனை சிறிய எழுத்தில் இத்தனை தெளிவா என்று தோன்றும். தடிப்பும் மெலிவும் அளவோடு கலந்து, ஒவ்வொரு சுழியும் மூச்சு விட இடம் வைத்து வெட்டப்பட்டிருக்கிறது. பாதமும் கிடையாது, தலைமுடிச்சும் கிடையாது. ஆனாலும் ஸெரிப் எழுத்தின் கௌரவம் முழுவதும் அதில் இருக்கிறது. தமிழ் எழுத்துக்குப் பாதம் ஒட்டவைக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் அந்த அகராதியைப் பார்ப்பது நல்லது.

டிரெடில் மிஷின் காலம்

ஈய எழுத்துக் காலத்துச் சிறு ஊர் அச்சகங்களை நினைத்துப் பாருங்கள். முன்னறையில் கணக்குப் பிள்ளை. உள்ளே, காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மிஷின். சாய்வான மர கேஸ்களுக்கு முன்னால் கம்பாசிட்டர் நின்றுகொண்டிருப்பார். இடது கையில் ஸ்டிக். வலது கை கேஸுக்கும் ஸ்டிக்குக்கும் பறந்துகொண்டிருக்கும். எழுத்து தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருக்கும். அவருக்கு அது ஒரு பொருட்டல்ல. நாம் நேராகப் படிப்பதைவிட வேகமாகப் படித்துவிடுவார்.

ஆங்கிலக் கம்பாசிட்டருக்கு இருபத்தாறு எழுத்து, பெரியதும் சிறியதுமாக. தமிழ்க் கம்பாசிட்டருக்கோ 247 எழுத்து. எல்லாவற்றுக்கும் தனித் தனி ஈயம் தேவையில்லை. ‘கா’ என்றால் ககரமும் காலும் சேர்ந்துவிடும். ‘கெ’ என்றால் கொம்பும் ககரமும். ஆனால் கு, கூ, சு, சூ என்று உகர வரிசையில் மட்டும் 36 எழுத்துக்குத் தனித் தனி உருவம். ஒவ்வொன்றுக்கும் கேஸில் ஒரு குழி.

கல்யாண சீசன் வந்தால் அச்சகத்தில் தலைப்பெழுத்துக்குக் கிராக்கி. மேலே பிள்ளையார் பிளாக், அதற்குக் கீழே வளைந்த வரியில் முகூர்த்தப் பத்திரிகைத் தலைப்பு, மணமக்கள் பெயர் பெரிய கறுப்பு எழுத்தில். இரண்டு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, பெண் பெயரும் பிள்ளை பெயரும் ஒரே அளவில் இருக்கிறதா என்று விரலால் அளந்து பார்ப்பார்கள். ஈயத்தில் ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்காக நின்றுபோகவிருந்த பந்தங்களும் உண்டு என்று அச்சக வட்டாரத்தில் தமாஷாகச் சொல்வார்கள்!

தீபத் திருவிழாவுக்கும் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் சுவரொட்டி அடிப்பது வேறு கணக்கு. அவ்வளவு பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் தூக்க ஆள் வேண்டும். ஆகையால் மரத்தில் செதுக்கிய எழுத்துக்களைப் பயன்படுத்தினார்கள். மர எழுத்தின் நரம்பு மையோடு சேர்ந்து காகிதத்தில் மெல்லிய வரிகளாக விழும். பழைய சுவரொட்டிகளுக்கு ஒரு உயிர் இருந்ததே, அதற்கு அந்த வரிகளும் ஒரு காரணம்.

இவ்வூரில் அச்சுப் பிழையைக் கண்டிப்போடு பார்த்தவர்களில் ஒருவர் ரமண மகரிஷி. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கு வந்த அவர், 1950 ஏப்ரல் 14-இல் மறையும்வரை இவ்வூரை விட்டுப் போகவில்லை. ஆசிரமத்துப் புத்தகங்களின் புரூப்களை அவரே திருத்துவார். கிழிந்த புத்தகங்களைத் தம் கையால் பைண்டு செய்வார். தமிழ், தெலுங்கு, மலையாளம், சம்ஸ்கிருதம் ஆகிய மொழிகளில் எழுதுவார். அவருடைய கையெழுத்துப் பிரதிகளைப் பார்ப்பவர்கள், அச்சு எழுத்துக்குச் சமமான அந்த ஒழுங்கைக் கண்டு வியப்பார்கள்.

துதிக்கை போன கதை

இப்போது ‘ணா’வுக்கும் ‘லை’க்கும் வருவோம்.

1978-க்கு முன் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். ‘லை’ என்று எழுத, லகரத்துக்கு முன்னால் இன்று போடுகிற இரட்டைச் சுழிக் கொம்பு கிடையாது. லகரத்தின் தலையிலேயே ஒரு வளைவு எழும்பி, யானை துதிக்கையைத் தூக்கினாற்போல நிற்கும். ணை, லை, ளை, னை என்ற நான்கு எழுத்துக்கும் இந்தத் துதிக்கை உண்டு. ‘யானை’ என்ற சொல்லிலேயே துதிக்கை இருந்தது என்று குழந்தைகள் குதூகலிப்பார்கள். ணா, றா, னா என்ற மூன்றுக்கும் பக்கத்தில் தனிக் கால் கிடையாது. எழுத்தின் வாலே சுழித்துக்கொண்டு நெடிலாகிவிடும். இந்தப் பக்கத்திலே அதைப் போட்டுக் காட்டவும் வழியில்லை, சொல்லித்தான் தீரவேண்டியிருக்கிறது.

இந்த விதிவிலக்குகள் எதற்கு, கா என்பதைப் போலவே ணா, கை என்பதைப் போலவே லை என்று எழுதினால் என்ன என்று 1935-லேயே பெரியார் ‘குடி அரசு’ பத்திரிகையில் மாற்றி அச்சிடத் தொடங்கினார். பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் அது ஒரு கட்சியின் எழுத்தாகவே இருந்தது. அவருடைய நூற்றாண்டை ஒட்டி 1978-இல் எம்.ஜி.ஆர். அரசாங்கம் அதை உத்தரவாகவே பிறப்பித்தது. ணொ, றோ போன்றவற்றையும் சேர்த்து மாறிய எழுத்துக்கள் 13. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் ஏற்றுக்கொண்டன.

அந்த உத்தரவால் ‘அண்ணா’வின் பெயரே உருமாறியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு மூன்று எழுத்து மாறின. ‘சென்னை’க்கு ஒன்று, ‘நெல்லை’க்கு ஒன்று. திருவண்ணாமலைக்கு இரண்டு.

அச்சகக் கணக்குப்படி பார்த்தால் இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. எழுத்து 13 என்றாலும் கேஸில் மிச்சமானவை ஏழு குழிகளே. மற்றவை கொம்பைச் சேர்த்து உண்டாகிறவை. அதே சமயம், பழைய முறையில் ‘திருவண்ணாமலை’ என்று கோக்க ஏழு ஈயத் துண்டு போதும்: எழுத்துக்கு ஒன்று. புதிய முறையிலோ ணகரமும் காலும் இரண்டு, கொம்பும் லகரமும் இரண்டு. ஆக மொத்தம் ஒன்பது. வரியும் அந்த அளவுக்கு நீண்டுவிடும். பஸ் பலகையில் இடம் பற்றாமல் கடைசி எழுத்தை நெருக்கி எழுதிய ஓவியர்களுக்கு இந்த வேதனை தெரிந்திருக்கும்.

சீர்திருத்தம் தவறு என்று சொல்வதற்கில்லை. எழுத்துக் கற்கும் குழந்தைக்கு ஏழு விதிவிலக்கு குறைந்தது. தட்டெழுத்து இயந்திரத்தில் இடம் மிச்சமாயிற்று. அந்தப் பயன் பெரியது. துதிக்கைக்காகக் குழந்தையை அழவைக்க வேண்டியதில்லை. ஆனால் பாடப் புத்தகத்து எழுத்துக்கு உள்ள விதியைத் தலைப்பெழுத்துக்கும் கோபுர வாசல் எழுத்துக்கும் அப்படியே விதிக்க வேண்டுமா? ஆங்கிலேயர் தங்கள் பத்திரிகைப் பெயர்களை இன்றும் நானூறு வருஷத்துப் பழைய கோணல் எழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அதனால் அவர்கள் குழந்தைகள் எழுத்து மறந்துபோகவில்லை. ‘லை’யின் துதிக்கை வளைவு, பெரிய அளவில் ஒரு கலைஞன் கையில் அகப்பட்டால், போடோனியின் எந்த எழுத்துக்கும் இளைத்ததல்ல. நம் எழுத்துக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அது. அது இன்று அலங்காரத்துக்குக்கூட அருகிப்போய்விட்டது.

இதைவிடக் கவலையான விஷயம் ஒன்று உண்டு. வீட்டுப் பரணில் தாத்தா வைத்துவிட்டுப்போன 1950-ஆம் வருஷத்துப் புத்தகத்தை எடுக்கும் பேரன், முதல் பக்கத்திலேயே தயங்குகிறான். ஏழு உருவம் தெரிந்தால் போதும், அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்த அரை மணியை யாரும் ஒதுக்குவதாகத் தெரியவில்லை.

கம்ப்யூட்டரும் பிளெக்ஸும்

ஈயம் போய்விட்டது. டிரெடில் மிஷின் பழைய இரும்புக்குப் போய்விட்டது. எழுத்து இப்போது கம்ப்யூட்டருக்குள். யூனிகோடு முறையில் ‘லை’ என்பது இரண்டு எண்கள்: லகரத்துக்கு ஒன்று, ஐகாரக் குறிக்கு ஒன்று. அதைத் திரையில் எப்படி வரைவது என்பது அந்த எழுத்துருவைச் செய்தவர் இஷ்டம். அவர் நினைத்தால் அதே இரண்டு எண்ணுக்குத் துதிக்கை லையை வரைந்துவிடலாம்; படிக்கிறவருக்கு வேண்டுமென்றால் பழையது, வேண்டாமென்றால் புதியது. அரசாங்க உத்தரவு எதையும் மாற்றாமலே, அலங்கார எழுத்தில் பழைய வடிவம் திரும்பி வர வழி இருக்கிறது.

நல்ல எழுத்து வரைகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் வரைந்த ‘இணைமதி’ ஆப்பிள் கருவிகளில் வருகிறது. பிரியா ரவிச்சந்திரன் ‘கட்டமரான்’ என்ற எழுத்துருவில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே நடையைக் கொடுத்திருக்கிறார். இலங்கையின் தாரிக் அஸீஸ் ‘கவிவனார்’ என்ற சாய்வெழுத்தைத் தந்திருக்கிறார். கூகிள் நிறுவனத்தின் ‘நோட்டோ ஸெரிப் தமிழ்’ என்ற எழுத்துரு, பெயரிலேயே ஸெரிப்பை வைத்துக்கொண்டிருக்கிறது. அதில் பாதத்தைத் தேடவேண்டாம். தடிப்பு மெலிவில்தான் அந்தக் குணத்தைக் காட்டியிருக்கிறார்கள். ஹண்ட் துரை போன வழி அது.

இத்தனையும் இருந்தும் தெருவில் என்ன நடக்கிறது? பிளெக்ஸ் அடிக்கும் கடையில் பத்தடிப் பலகைக்கு ஆறடிப் பெயர். மீதி இடத்தை என்ன செய்வது? எழுத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறார்கள்! சப்பாத்தி மாவு போல எழுத்து பரந்து கிடக்கிறது. வகரத்தின் வயிறு பெருத்து, ணகரத்தின் மூன்று சுழியும் முட்டை முட்டையாகிவிடுகிறது. போதாததற்கு மஞ்சள் எழுத்துக்குச் சிவப்புக் கரை, அதற்கு வெள்ளைக் கரை, அதற்கும் பின்னால் நிழல். ஈயக் காலத்தில் இந்த வேலை நடக்கவே நடக்காது, ஈயம் இழுபடாது.

கல்லுக்கு வந்த ஆபத்து வேறு விதம். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் திருப்பணியின்போது, சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்க மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடித்தார்கள். சுவர் பளிச்சென்று ஆயிற்று. கூடவே எழுத்தின் விளிம்பும் தேய்ந்துபோயிற்று. ஆயிரம் வருஷ மழை செய்யாததை மணல் அரை நாளில் செய்தது. கல்வெட்டு அறிஞர்கள் கூக்குரல் இட்டபின் அந்த முறையை அரசு தடுத்தது. தேய்ந்த எழுத்து திரும்பவில்லை. 1902-இலும் அதற்குப் பின்னும் எடுத்த மைப்படிகளின் அருமை இப்போதுதான் புரிகிறது.

அண்ணாமலையார் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 217 அடி. கிருஷ்ணதேவராயர் தொடங்க, தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்தது என்பர். தலையை நிமிர்த்திக்கொண்டே உள்ளே போகிறவர்கள், திரும்பும்போது கொஞ்சம் கீழேயும் பார்த்துக்கொண்டு வரலாம். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலும் கிரிவலப் பாதையிலும் பழைய சத்திரங்கள், மடங்கள், தண்ணீர்த் தொட்டிகள் உண்டு. 1978-க்கு முன் பதித்த உபயக் கல் எங்கேயாவது இருந்தால், அதில் ஊர்ப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். சுண்ணாம்பு அடைத்துக்கொண்டிருந்தால் விரலால் தடவினால் போதும். ‘ம’வுக்கு அடுத்தாற்போல் துதிக்கை தூக்கிக்கொண்டு நிற்பதுதான் பழைய ‘லை’. கூட வருகிற பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.